கட்டைவிரல் பட்டன்

போன மாதம் நான் வேலையை விட்டபோது, என் இடத்துக்கு வந்திருக்கும் திவ்யாவும் ஹைக்கலும் ஒப்படைப்புப் பட்டியலை வரிவரியாகப் படித்தார்கள். கேமராப் பைகள் ஆறு, மின்கலங்கள் இருபத்து நான்கு, ஒவ்வொரு பையிலும் பட்டன் அமைப்பு அட்டை ஒன்று. அந்த அட்டையில் எட்டு வரிகள் அச்சாகியிருக்கும். ஒன்பதாவது வரியை நான் பேனாவால் எழுதியிருந்தேன்: "கேமராவைப் பிடிக்கப் போகிறவரிடம் எந்த விரல் சௌகரியம் என்று கேட்டுவிட்டுப் பட்டனை அமைக்கவும்."

"அக்கா, இது எதுக்கு? எல்லா கேமராவும் சேம் செட்டிங்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று திவ்யா கேட்டாள். பிறகு எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இதுதான் அது.

முப்பத்து நான்கு வயதில் பணி ஓய்வு என்று சொன்னால் சிரிப்பார்கள். இருந்தாலும் கல்யாண வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டதாகத்தான் நினைக்கிறேன். பதினோரு ஆண்டுகள். இப்போது மருத்துவக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. அங்கேயும் பட்டியல்கள்தான்.

ஆரம்ப காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் டிப்ளோமா முடித்துவிட்டு, தற்காலிகமாக என்று சொல்லி, தேக்காவில் இருந்த ஒரு கல்யாண ஸ்டூடியோவில் ஆல்பம் கணினியில் உட்கார்ந்தேன். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்தில், பூமாலைக் கடைக்கு மேல்மாடி. சுவா சூ காங்கிலிருந்து காலையில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரம். முதல் ஆண்டு படங்களுக்கு வண்ணம் திருத்தினேன். இரண்டாம் ஆண்டு கேமராக்களைத் துடைத்தேன், பழுது பார்த்தேன். மூன்றாம் ஆண்டிலிருந்து கருவிகள் எல்லாம் என் பொறுப்பு.

ஸ்டூடியோவின் முதலாளி சுகுணா அக்கா. முதன்மைப் புகைப்படக்காரர் தர்மராஜ். எல்லோருக்கும் தர்மா அண்ணன். ஐம்பது வயதைத் தாண்டியவர், இருபத்தாறு ஆண்டுகளாகக் கோயில் கல்யாணங்களை எடுத்துக்கொண்டிருந்தவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. மணவறைக்கு முன்னால் யாராவது நின்று மறைத்தால், முழங்கையில் இரண்டு விரலால் மெதுவாகத் தட்டுவார். எந்த மாமாவும் நகர்ந்துவிடுவார். "ஐயரே, ஒரு நிமிஷம்" என்பார். அவசரத்தில் இருக்கும் ஐயரும் உண்மையிலேயே ஒரு நிமிடம் நிற்பார். தாலி கட்டும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். பக்கத்தில் நின்றால் தெரியும்.

கேமரா மெனுவை அவர் திறப்பதே இல்லை. "மெனுவெல்லாம் நமக்குச் சாப்பாட்டுக் கடையில மட்டும்தான், பவி" என்பார்.

கண்ணாடி உள்ள பழைய கேமராக்களை விட்டு மிரர்லெஸ் கேமராக்களுக்கு மாறியபோதுதான் அந்த மெனு எங்களுக்குப் பிரச்சினையானது. மிரர்லெஸ் என்பது கேமரா உருவத்தில் இருக்கும் கணினி. எந்தப் பட்டன் எதைச் செய்யும், டயலை எந்தப் பக்கம் திருப்பினால் வெளிச்சம் கூடும் என்பதையெல்லாம் நாமே மாற்றிக்கொள்ளலாம். ஆளாளுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

ஆனால் எங்கள் வேலையில் ஒருவர் கேமராவை இன்னொருவர் வாங்குவது வழக்கம். சடங்கு நமக்காக நிற்காது. லென்ஸ் மாற்ற நேரமில்லாதபோது, நீண்ட லென்ஸ் மாட்டிய தன் கேமராவை ஒருவர் இன்னொருவரிடம் தருவார், அவருடையதை எடுத்துக்கொள்வார். ஒரு வரவேற்பில் எங்கள் இன்னொரு புகைப்படக்காரர் ஃபைசல் அப்படி வேறொருவர் கேமராவை வாங்கினார். அதில் டயல் எதிர்ப்பக்கமாக அமைக்கப்பட்டிருந்தது. அவர் வெளிச்சத்தைக் குறைக்கத் திருப்ப, அது கூடியது. இன்னும் திருப்பினார், இன்னும் கூடியது. மணமக்கள் நுழைந்த ஐம்பது படங்களும் வெளுத்துப்போயின. பெண்ணின் புடவையில் ஜரிகை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை.

"பவி, நீ படிச்ச பிள்ளை. இதுக்கு ஒரு வழி பண்ணு" என்றார் சுகுணா அக்கா.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து பண்ணினேன். ஆறு கேமராக்கள், எட்டு விதிகள், ஒரே அமைப்பு. கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கேமராவை எடுத்தாலும் ஒரே பட்டன் ஒரே வேலையைச் செய்யும். அட்டையை லாமினேட் செய்து பைகளில் வைத்தேன். அதில் எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது விதி. வழக்கமாக ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் ஃபோக்கஸ் ஆகும், முழுதாக அழுத்தினால் படம் விழும். நான் இரண்டையும் பிரித்தேன். ஃபோக்கஸ், பின்பக்கம் கட்டைவிரல் பட்டனில். அழுத்திப் பிடித்திருக்கும்வரை கேமரா ஆளைத் துரத்தும். விட்டால் அதே தூரத்தில் நின்றுவிடும். ஷட்டருக்குப் படம் எடுக்கும் வேலை மட்டும். பழகிவிட்டால் இதைவிட நல்ல முறை கிடையாது. இதை இன்றும் சொல்வேன்.

அதன்பின் ஒன்றரை ஆண்டு ஒரு தவறும் நடக்கவில்லை. மற்ற ஸ்டூடியோக்காரர்கள் அட்டையின் நகல் கேட்டார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தர்மா அண்ணன் தன் கேமராவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அலுவலகத்தில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருக்கிறார் என்பது இப்போது புரிகிறது.

"பவி, முன்னாடி லென்ஸ் பக்கத்துல ஒரு பட்டன் இருக்கே, மோதிர விரல் படுற இடத்துல. ஃபோக்கஸ அதுல போட்டுக் கொடேன்."

"அது ஒயிட் பேலன்ஸ் பட்டன் அண்ணே. ரூல் ஆறு."

"எனக்கு மட்டும் மாத்தித் தா லா."

"உங்க கேமராவ ஃபைசல் வாங்கினா? அவர் கலர் மாத்தணும்னு அத அமுக்குவாரு, ஃபோக்கஸ் ஓடிடும். பழைய கதை மறுபடியும் வரும்."

"ஃபைசல்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"இன்னைக்கு ஃபைசல். நாளைக்குப் பார்ட் டைம் பையன் வருவான். அவன்கிட்ட யாரு சொல்றது? எதுக்குண்ணே மாத்தணும், இப்ப என்ன பிரச்சினை?"

அவர் கேமராவை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தார். "ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்" என்றார்.

"ஆளுக்கு ஒண்ணு மாத்தினா அட்டை எதுக்கு?" என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவரும் சிரித்தார். எதற்கு என்று கேட்டேனே தவிர, பதிலுக்காக நான் காத்திருக்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு கல்யாணச் சாப்பாட்டில் அவர் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். வாழை இலையில் சோறு, சாம்பார், மூன்று வகைக் காய். அவர் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுக் கரண்டி கேட்டார். இலையில் கரண்டியால் சாப்பிடும் தமிழரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"என்னண்ணே, வெள்ளைக்கார ஆங் மோவா ஆயிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"கேமராவுல மசாலா படக்கூடாதுன்னு நீதானே ரூல் போட்ட?" என்றார். மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். அப்படி ஒரு விதி அட்டையில் இல்லை என்பது ரயிலில் போகும்போதுதான் நினைவுக்கு வந்தது. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

பிறகு அந்தக் கல்யாணம். பெண் பெயர் நித்யா. சிராங்கூன் சாலையில் இருக்கும் ஒரு கோயில். முகூர்த்தம் காலை ஒன்பதுக்கு மேல். தர்மா அண்ணன் மணவறைக்கு முன்னால். ஃபைசல் பின்பக்கம், விருந்தினர்கள் அட்சதை போடுவதை எடுக்க. நான் தூண் ஓரத்தில் மாற்று மின்கலங்களோடு நின்றேன்.

கெட்டிமேளம் தொடங்கியதும் கூட்டம் எழுந்து முன்னால் வந்தது. கைபேசிகள் சுவர்போல் உயர்ந்தன. தட்டிச் சொல்ல முழங்கைகள் எட்டவில்லை. அவர் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. திரையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, கேமராவை இரு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கி எடுத்தார். படம் பதிவாகும்போது எரியும் விளக்கு மினுங்கியதை நான் பார்த்தேன். இருபத்து மூன்று படங்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை கணினியில் திறந்தேன். முதல் படத்தில் மணவறைக்குப் பின்னால் கட்டியிருந்த மல்லிகைச் சரம் ஒவ்வொரு மொட்டாகத் தெரிந்தது. முன்னால் இருந்த இரண்டு முகங்களும் புகை மூடியதுபோல் இருந்தன. அடுத்த படமும் அப்படியே. இருபத்து மூன்றும் அப்படியே.

ஒவ்வொரு படத்தோடும் கேமரா ஒரு குறிப்பை எழுதி வைக்கும். எந்த லென்ஸ், எந்த வேகம், எவ்வளவு தூரத்தில் ஃபோக்கஸ் என்பதெல்லாம் அதில் இருக்கும். இருபத்து மூன்று படங்களிலும் அந்தத் தூரம் துளியும் மாறவில்லை. பட்டனை அழுத்திப் பிடித்திருந்தால் அது மாறிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். கையைத் தூக்கிய நொடியில் கட்டைவிரல் பட்டனிலிருந்து நழுவியிருக்கிறது. நழுவியது அவருக்குத் தெரியவில்லை.

நித்யா அடுத்த வாரம் அம்மாவோடு வந்தாள். படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தாள். கோபப்படவில்லை. "பின்னாடி பூவெல்லாம் ஷார்ப்பா இருக்கு. நான்தான் இல்ல" என்றாள். அவள் அம்மா மட்டும் அழுதார். கடைசியில் விருந்தினர் ஒருவர் கைபேசியில் எடுத்த படத்தை வாங்கி ஆல்பத்தில் வைத்தோம். அதுவும் சாய்வாக, யாரோ ஒருவரின் காதோடு.

சுகுணா அக்கா என்னிடம் கேமராவைச் சோதித்து எழுதித் தரச் சொன்னார். "மிஷின்ல கோளாறா, ஆள்கிட்டயா? எனக்கு அது தெரியணும். கஸ்டமருக்கு நான் பதில் சொல்லணும்."

ஒரு நாள் முழுக்கச் சோதித்தேன். அன்று மாலை நான் எழுதியதை இன்றும் மனப்பாடமாகச் சொல்ல முடியும். லென்ஸில் குறை இல்லை. மென்பொருள் சரி. கட்டைவிரல் பட்டனை ஐம்பது முறை அழுத்திப் பார்த்தேன், ஐம்பது முறையும் வேலை செய்தது. பட்டன் அமைப்பு அட்டையின் எட்டு விதிகளோடும் பொருந்துகிறது. படங்கள் எடுக்கப்பட்டபோது ஃபோக்கஸ் பட்டன் அழுத்தப்படவில்லை. முடிவு: கேமராவில் குறை இல்லை.

ஒவ்வொரு வரியும் உண்மை. நான்கு மாதங்களுக்கு முன் அவர் என்னிடம் வந்து அந்தப் பட்டனை மாற்றித் தரச் சொன்னார், நான் மறுத்தேன் என்ற வரி அதில் இல்லை. மறந்து விடவில்லை. எழுதும்போது அது தெளிவாக என் முன்னால் இருந்தது. அது கேமரா பற்றிய விஷயம் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வரியை எழுதினால் அக்காவின் அடுத்த கேள்வி என் அட்டையைப் பற்றி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

அறையில் மூன்று பேர் இருந்தோம். அக்கா தாளைச் சத்தமாகப் படித்தார். கடைசி வரியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தர்மா, நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் என் கையிலிருந்த நகலைப் பார்த்தேன். அவருக்கு வெட்கமாக இருக்கிறது, என் கண்ணைப் பார்த்து உதவி கேட்கிறார் என்று நினைத்தேன். கீழே பூக்கடையில் யாரோ தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது.

"கூட்டமா இருந்துச்சு அக்கா. மிஸ் ஆயிடுச்சு" என்றார்.

"இருபத்தாறு வருஷம் கூட்டமே இல்லாமலா எடுத்தீங்க?"

அக்கா கெட்டவர் இல்லை. அவர் கையில் இருந்தது என் தாள் மட்டும். "கொஞ்ச நாளைக்கு ஆல்பம் பாருங்க, தர்மா. கோயில் வேலைய ஃபைசல் செய்யட்டும்" என்றார்.

என் பக்கத்துக் கணினியில் அவர் இரண்டு வாரம் உட்கார்ந்தார். மவுசை இடது கையால் பிடித்தார். மூன்றாவது வாரம் திங்கட்கிழமை கேமராப் பையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "எல்லாம் இருக்கா பார்த்துக்க, பவி. லிஸ்ட்படி" என்றார். நான் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அவர் போய்விட்டார். பிரிவு உபசாரம் வேண்டாம் என்று அக்காவிடம் முன்பே சொல்லியிருந்தாராம்.

அவர் கேமராவை அடுத்தவருக்காகத் துடைத்து அமைத்தபோது, மேலே இருக்கும் டயலைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றினேன். அதில் சி-ஒன், சி-டூ, சி-த்ரீ என்று மூன்று இடங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு தனி அமைப்பைச் சேமித்து வைக்கலாம். முதல் இரண்டையும் நான் கோயிலுக்கும் மண்டபத்துக்கும் என்று நிரப்பியிருந்தேன். மூன்றாவதை ஆறு கேமராக்களிலும் காலியாக விட்டிருந்தேன். காலியாக இருப்பதால் என் சோதனைப் பட்டியலிலும் அது கிடையாது.

அந்தக் கேமராவில் அது காலியாக இல்லை.

தர்மா அண்ணன் அதில் தனக்கென்று ஓர் அமைப்பைச் சேமித்து வைத்திருந்தார். மெனுவையே திறக்காத மனிதர், பத்துப் பக்கம் தாண்டி, பொடி எழுத்து ஆங்கிலத்தில், சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். முன்பக்கப் பட்டனைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அங்கே ஃபோக்கஸைத் தொடங்கும் கட்டளையும் நிறுத்தும் கட்டளையும் அடுத்தடுத்த வரிகள். அவர் கீழே இருந்ததைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அழுத்தினால் ஃபோக்கஸ் நின்றுவிடும். முயன்று பார்த்து, சரிவரவில்லை என்று விட்டிருக்கிறார். மறுபடி என்னிடம் வந்து கேட்கவில்லை.

யோசனை சரியானது என்பதுதான் என்னை உட்கார வைத்தது. ஃபைசல் வாங்கினால் டயலை ஒரு பல் திருப்பினால் போதும், அட்டைப்படி எல்லாம் திரும்பிவிடும். என் எட்டு விதிகளும் அப்படியே இருந்திருக்கும், அவருக்கும் அவர் விரலுக்கு ஏற்ற பட்டன் கிடைத்திருக்கும். படித்த பிள்ளையான எனக்கு அது தோன்றவில்லை. அன்று அந்தத் தேர்வை நான் ஒரு வரி மேலே நகர்த்திப் பார்த்தேன், பட்டன் வேலை செய்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அப்போதும் அக்காவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். நாளைக்கு என்று நினைத்தேன். பிறகு கல்யாண மாதம் வந்தது. பிறகு ஒரு வருடம் போனது.

சென்ற ஆண்டு ஒரு மதியம், தேக்காவில் ஒரு இலைச் சாப்பாட்டுக் கடையில் இடம் தேடி நின்றபோது, "பவி, இங்க வா லா" என்று குரல் கேட்டது. சீருடைச் சட்டையில் அவர் உட்கார்ந்திருந்தார். நான் முதலில் பார்த்தது அவர் முகத்தை இல்லை. வலது கையால் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"எங்கண்ணே இருக்கீங்க இப்ப?"

"ஆங் மோ கியோ ஏரியாவுல ஒரு கோண்டோ. அந்த அடுக்குமாடிக்கு செக்யூரிட்டி. பதினாறு கேமரா இருக்கு. ஒண்ணுக்கும் நான் ஃபோக்கஸ் பண்ண வேணாம்" என்று சிரித்தார்.

நான் அவர் கையைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார். விரல்களை விரித்துக் காட்டினார். "மணிக்கட்டுல நரம்பு அழுந்தி இருந்துச்சாம். கட்டைவிரல் மரத்துப் போயிடும், அமுக்குறேனா இல்லையான்னே தெரியாது. அங்கேருந்து வெளிய வந்து மூணு மாசத்துல ஆப்பரேஷன். காலையில போனேன், மத்தியானம் வீட்டுக்கு வந்துட்டேன்."

"அப்பவே ஏண்ணே சொல்லல?"

"சொன்னா கோயில் வேலை குடுப்பாங்களா? விரல் மரத்த ஆளுக்குத் தாலி கட்டுறத எடுக்க யாரு குடுப்பா?" சோற்றை ஒரு வாய் சாப்பிட்டார். "சரி, ஒரு டவுட்டு. ரொம்ப நாளா கேட்கணும்னு. அந்த சி-த்ரீல நானே ஒண்ணு செட் பண்ணிப் பார்த்தேன். வேலையே செய்யல. எங்க தப்பு விட்டேன்?"

"பார்த்தேண்ணே. எல்லாம் சரியாத்தான் பண்ணியிருந்தீங்க. கடைசியில ஒரு வரி கீழ போயிட்டீங்க."

"ஒரு வரிதானா?"

"ஒரு வரிதான்."

அவர் நம்ப முடியாமல் தலையை ஆட்டினார். இலையில் இருந்த அப்பளத்தை இரண்டாக உடைத்து ஒரு பாதியை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன், சாப்பிட முடியவில்லை. ரயிலிலும் படுக்கையிலும் நூறு முறை சொல்லிப் பார்த்த வாக்கியம், வெளியே வரும்போது பாதியாகத்தான் வந்தது.

"அண்ணே, அந்த ரிப்போர்ட்ல... நீங்க முன்னாடியே வந்து கேட்டத நான் எழுதல."

"தெரியும்மா. அக்கா சத்தமாத்தானே படிச்சாங்க."

"சொல்லியிருக்கணும் நான்."

அவர் இலையைத் தன் பக்கமாக மடித்தார். எழுந்தார். கை கழுவும் இடத்துக்குப் போக ஓரடி வைத்தவர், நின்று சொன்னார்.

"நீ சொல்லுவேன்னுதான் பவி அன்னைக்கு உன்னையே பார்த்துக்கிட்டிருந்தேன்."

குரலில் கோபம் இல்லை. பிறகு போய்க் குழாயைத் திறந்து, ஒவ்வொரு விரலாகத் தேய்த்து, நிதானமாகக் கை கழுவினார். என் முன்னால் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு வைத்துவிட்டுப் போனார்கள். நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.